ஒரு 'ப்' பாக்கி

கேள்வி: காலம், சுதந்திரம், கீழ்படிதல், அன்பு: இந்த நான்கில் மனிதனை உண்மையில் ஆள்வது எது?

பதில்: அதற்கு முன் ஒரு 'ப்' பாக்கி இருக்கிறது. 'கீழ்ப்படிதல்' என்று எழுத வேண்டும். அந்தச் சொல்லை எழுதும்போதே இலக்கணத்துக்குக் கீழ்ப்படியாமல் இருந்திருக்கிறீர்கள். சரி, அதுவும் ஒரு சுதந்திரம்தான்.

இந்தப் 'படி' லேசுப்பட்ட ஆளில்லை. ஏறுவதும் படி, அளப்பதும் படி, நகலும் படி. பையனைப் பார்த்துக் கத்தினால் அதுவும் 'படி'. தூசியும் படிகிறது, மனிதனும் படிகிறான். ஆனால் தூசி யாரும் பார்க்காதபோதும் படியும். மனிதன் அப்படியில்லை.

1961-இல் ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியலாளர் தொடங்கிய சோதனை தெரிந்திருக்கும். அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கச் சொன்னார்கள். அதிர்ச்சி பொய், கொடுப்பவருக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். இதைச் சொல்லித்தான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். எனக்குப் பிடித்தது வேறு. உத்தரவு போடுபவர் வெளியே போய் தொலைபேசியில் பேசியபோது, கடைசிவரை போனவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். சிலர் 'ஏற்றிவிட்டேன்' என்று போனில் சொல்லிவிட்டு, குறைந்த வோல்ட்டையே அழுத்திக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொய்யர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை.

மரியாதை இல்லாதது மேடைப் பேச்சாளர்கள்மேல். சுதந்திரம் என்றதும் அப்பரைக் கூப்பிடுவார்கள். 'நாமார்க்கும் குடியல்லோம், நமனை அஞ்சோம்.' கைதட்டல் விழும், உட்கார்ந்துவிடுவார்கள். பாட்டு அதோடு முடியவில்லை, ஐயா! முடிவதற்குள் அதே அப்பர், சங்கரனுக்குத் தான் 'மீளா ஆள்' என்கிறார். நமனும் காலனும் ஒருவனே. காலனுக்கே அஞ்சாதவர் அன்புக்கு அடிமைச் சீட்டு எழுதிக்கொடுக்கிறார். உங்கள் நான்கும் ஒரே பாட்டில் இருக்கின்றன.

அந்த 'ப்' விஷயத்துக்கு வருகிறேன். நான் உதவியாசிரியராக இருந்த காலத்தில் ஒரு பிழைதிருத்துநர் இருந்தார். ஒரு ஒற்று விட்டாலும் பக்கத்தையே திருப்பி அனுப்புவார். பல்லைக் கடித்துக்கொண்டு திருத்துவேன். அவர் ஓய்வுபெற்ற மறுநாள் எனக்கு விடுதலை நாள். வேண்டுமென்றே நாலைந்து ஒற்றை விழுங்கி ஒரு கட்டுரை எழுதினேன். சாயங்காலத்துக்குள் நானே சிவப்புப் பேனாவை எடுத்து எல்லாவற்றையும் போட்டேன். அவர் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது. பேனா இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறது.

உங்கள் கடிதத்திலும் போட்டுவிட்டேன். அச்சில் மட்டும் நீங்கள் எழுதியபடியே விட்டிருக்கிறேன்.