இரண்டு மணி என்றால் காலை எட்டு: நேரம் பற்றிய கேள்வி பதில்

தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் ஆறு வருடம் கணக்கு எழுதினேன். அப்புறம் ஜெர்மன், ஜப்பான் வாடிக்கையாளர்களோடு பத்து வருடம். ஊருக்கு ஊர் நேரம் மாறுவது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

ஈரோடு: அடுத்த மாதம் தான்சானியாவில் வேலைக்குச் சேர்கிறேன் சார். அங்கே யாரும் சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்களாமே?

தவறுவது அவர்களா, நாமா என்று முதலில் பாருங்கள் தம்பி. நான் போன புதிதில், ஒழுகும் குழாயைச் சரிசெய்ய ஒரு பெரியவரைக் கூப்பிட்டேன். "ஸா ம்பிலி" என்றார். ஸா என்றால் மணி, ம்பிலி என்றால் இரண்டு. அந்த ஊர் மொழியான சுவாஹிலி அவ்வளவு தெரிந்த பெருமையில் மதியம் இரண்டு மணிக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மனிதர் காலை எட்டு மணிக்கே வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்!

சுவாஹிலியில் மணிக்கணக்கு விடியலில் தொடங்குகிறது. நம் காலை ஏழு, அவர்களுக்கு ஒரு மணி. நண்பகல் ஆறு மணி. இரவு ஏழுக்கு மறுபடி ஒரு மணி. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் வருடம் முழுக்க ஏறக்குறைய ஆறு மணிக்கே விடியும். கணக்கு அதிகம் பிசகாது. சுவர்க் கடிகாரத்தில் சின்ன முள்ளுக்கு நேர் எதிரே உள்ள எண்ணைப் படியுங்கள், சுவாஹிலி மணி வந்துவிடும். ஜாதகத்தில் உதயாதி நாழிகை என்று எழுதுகிறோமே, அதுவும் சூரிய உதயத்தில் இருந்து எண்ணுவதுதான். எத்தியோப்பியாவிலும் இதே வழக்கம். விமானச் சீட்டில் மட்டும் உலகக் கணக்கு இருக்கும்.

திருச்சி: ஜெர்மனியில் முதுகலை படிக்கப் போகிறேன். பேராசிரியர் "ஹால்ப் ட்ரை"க்கு வரச் சொல்கிறார். ட்ரை என்றால் மூன்று. மூன்றரைக்குப் போகலாமா?

போனால் ஒரு மணி நேரம் தாமதம். மூன்றாவது மணியில் பாதி என்று அர்த்தம், அதாவது இரண்டரை. வகுப்பு அட்டவணையில் "10 சி.டி." என்றிருந்தால் 10.15க்குத்தான் பாடம் தொடங்கும்; "எஸ்.டி." என்றால் பத்துக்கே. பல்கலைக்கழகங்களின் பழைய வழக்கம் இது. ரயிலை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஆறு நிமிடத்துக்குள் தாமதமானால் "சரியான நேரம்" என்றே கணக்கில் சேர்ப்பார்கள். அப்படியும் 2024ல் தொலைதூர ரயில்களில் தேறியது 62.5 சதவீதம்.

மதுரை: ஜப்பானில் 20 வினாடிக்காக மன்னிப்புக் கேட்டார்களாமே, கதையா?

கதை இல்லை. 2017 நவம்பர் 14 அன்று மினாமி நகரேயாமா நிலையத்தில் சுகுபா எக்ஸ்பிரஸ் தடத்து ரயில் 20 வினாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது. தாமதம்கூட இல்லை, முன்னதாக! அதற்குத்தான் மன்னிப்பு.

ஆனால் நேரம் தவறாமை அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. 1857ல் நாகசாகிக்கு வந்த டச்சுக் கடற்படை அதிகாரி கட்டன்டைக, ஜப்பானியர் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை என்று அலுத்துக்கொண்டவர். அப்போது அங்கே பகலை ஆறு பங்கு, இரவை ஆறு பங்கு எனப் பிரித்திருந்தார்கள். கோடையில் பகல் பங்கு நீளும், குளிரில் சுருங்கும். அதில் எங்கே போய் நிமிடம் பார்ப்பது? 1872ல் ரயில் ஓடத் தொடங்கியது, 1873ல் புது நாட்காட்டியோடு சம அளவு மணியும் வந்தது. பள்ளியும் ஆலையும் மணியடித்தே பழக்கின.

சென்னை: மெக்சிகோ அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் "அவோரிதா" என்கிறார்கள். அப்படி என்றால் எப்போது?

நம் "இதோ வந்துட்டேன்" எப்போதோ, அப்போது. தேதியும் மணியும் கேட்டு வாங்குங்கள். ஆனால் வீட்டு விருந்துக்குச் சொன்ன நிமிடத்தில் போய் நிற்காதீர்கள், வீட்டுக்காரர் அப்போதுதான் குளிக்கப் போயிருப்பார்.

யாழ்ப்பாணம்: அண்ணை, எதிர்காலம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்று நம்பும் மக்கள் இருக்கிறார்களாமே?

தென் அமெரிக்காவில் ஆண்டீஸ் மலையின் ஐமாரா மக்கள். அவர்கள் மொழியில் "நயரா" என்றால் கண், முன்பக்கம், கடந்த காலம், மூன்றும். பார்த்து முடித்தது கண்ணுக்கு முன்னால், பார்க்காதது பின்னால். பழங்கதை சொல்லும் முதியவர்கள் கையை முன்னே நீட்டுவார்கள். வரப்போவதைச் சொல்லும்போது தோளுக்குப் பின்னால் காட்டுவார்கள். சிரிப்பதற்கு முன் நம் பேச்சையும் பாருங்கள்: நடந்தது "முன்பு", நடக்கப்போவது "பின்னாளில்", போய்ச் சேர்ந்தவர்கள் "முன்னோர்". கூடவே "எதிர்காலம்" என்றும் சொல்லி அதை எதிரே வரவிடுகிறோம். தமிழில் இரண்டு திசையும் ஓடுகிறது.