கிட்னியில் நீர்க்கட்டி: ஊசி போட்டு எடுக்கணுமா? கேள்வி பதில்

நாகர்கோவிலில் ஸ்கேன் பார்க்கிற, ஸ்கேனைப் பார்த்தபடியே ஊசி போட்டுச் சிகிச்சை செய்கிற டாக்டர் நான். கிட்னி நீர்க்கட்டி பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

குலசேகரத்திலிருந்து: அப்பாவுக்கு 61 வயது, ரப்பர் பால் வெட்டுகிறார். வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது வலது கிட்னியில் 3 செ.மீ. நீர்க்கட்டி என்று வந்திருக்கிறது. வலி ஒன்றும் இல்லை. எடுக்க வேண்டுமா?

வேண்டாம். 50 வயதைத் தாண்டினால் இது ரொம்ப சாதாரணம். ஸ்கேனில் உள்ளே முழுக்கக் கறுப்பாக, சுவர் மெல்லிசாக, தடுப்போ சதையோ இல்லாமல் தெரிந்தால் அது வெறும் நீர்க்கட்டிதான். சிடி எடுத்திருந்தால் 'போஸ்னியாக் 1' என்று எழுதியிருப்பார்கள் (கட்டி எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று சொல்கிற தர எண் இது), அப்படி என்றால் புற்றுநோய் பயம் வேண்டாம். 'போஸ்னியாக் 3', '4' என்று இருந்தால் கதை வேறு, உடனே யூராலஜி (சிறுநீர்ப் பாதை அறுவை சிகிச்சை) டாக்டரைப் பாருங்கள். அப்பா நிம்மதியாக வேலைக்குப் போகட்டும்.

குளச்சலிலிருந்து: வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். இடது கிட்னியில் 9 செ.மீ. கட்டி, வலை இழுத்தால் விலாவில் வலி. ஓர் இடத்தில் ஊசி போட்டு நீரை எடுத்தார்கள், ஆறு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது.

அக்கா, முதலில் ஒன்று சொல்லுங்கள், நீரை எடுத்த பிறகு கொஞ்ச நாளாவது வலி நின்றதா? நின்றது என்றால் வலிக்குக் காரணம் கட்டிதான், சிகிச்சை பலன் தரும். நிற்கவே இல்லை என்றால் முதுகுத் தசையையோ தண்டுவடத்தையோ பார்க்க வேண்டும், கட்டியைத் திரும்பக் குத்துவதில் அர்த்தமில்லை.

திரும்ப வந்ததில் ஆச்சரியம் இல்லை. கட்டியின் உள்சுவரில் இருக்கிற செல்கள்தான் நீரைச் சுரக்கின்றன, அதை விட்டுவிட்டு நீரை மட்டும் எடுத்தால் ஊற்றை அடைக்காமல் கிணற்றை இறைத்த கதைதான். அதனால் நீரை எடுத்த கையோடு உள்ளே மருந்து விட வேண்டும், பெரும்பாலும் 95 சதவீதத்துக்கு மேல் உள்ள சுத்தமான ஆல்கஹால். குப்புறப் படுக்க வைத்து, இடத்தை மரத்துப்போக வைத்து, அல்ட்ராசவுண்டில் ஊசி நுனியைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய் மெல்லிய குழாய் ஒன்றை வைப்போம். 9 செ.மீ. கட்டி என்றால் ஏறக்குறைய 380 மில்லி நீர் வரும், வைக்கோல் நிறத்தில் இருக்கும், கொஞ்சம் லேபுக்குப் போகும். அப்புறம் சாயமருந்து விட்டு எக்ஸ்ரேயில் பார்ப்போம். சாயம் சிறுநீர்ப் பாதைக்குள் கசிந்தால் ஆல்கஹால் விடவே கூடாது, இந்தப் படியைத் தாண்டிப்போகிற இடத்தில் செய்துகொள்ளாதீர்கள். கசிவு இல்லை என்றால் எடுத்த நீரின் அளவில் ஒரு பகுதி மட்டும் ஆல்கஹால் விடுவோம், பொதுவாக 100 மில்லியைத் தாண்டுவதில்லை. 20 நிமிடமோ கூடுதலோ உள்ளே நிற்க, ஆளைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்து, பிறகு திரும்ப உறிஞ்சி எடுத்துவிடுவோம்.

மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுக்கும்போது கொஞ்சம் நீர் தெரிந்தால் பயப்படாதீர்கள், முதலில் ஊறி அப்புறம் மெல்ல மெல்லச் சுருங்குவது உண்டு. சிலருக்கு இரண்டாவது தடவையும் செய்ய வேண்டிவரும். பழைய ரிப்போர்ட் மட்டும் போதாது, ஃபிலிமையும் கொண்டுபோங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து: ஹார்ட்டில் ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறேன். இதைச் செய்யலாமா?

ஹார்ட் டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். கட்டி காத்திருக்கும், ஸ்டென்ட் காத்திருக்காது.

தோவாளையிலிருந்து: வாழைத்தண்டு சாறு குடித்தால் கரையுமா?

கரையாது. இது கல் இல்லை, நீர் நிறைந்த பை. சாப்பிடுகிற எதுவும் அதைக் கரைக்காது.

தக்கலையிலிருந்து: அம்மாவுக்கு இரண்டு கிட்னியிலும் நிறையக் கட்டிகள். மாமாவுக்கும் அப்படித்தான், இப்போது டயாலிசிஸில் இருக்கிறார். ஊசி போட்டு எடுத்தால் கிட்னி தப்புமா?

தம்பி, நான் மேலே சொன்னது எதுவும் அம்மாவுக்குப் பொருந்தாது. இது பரம்பரையாக வருகிற நீர்க்கட்டி நோயாக இருக்க வாய்ப்பு அதிகம், ஒவ்வொன்றாகக் குத்தி எடுப்பதால் கிட்னி தப்பாது. இந்த வாரமே நெஃப்ராலஜி (கிட்னி நோய்) டாக்டரிடம் கூட்டிப் போங்கள், பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதுதான் முதல் வேலை. உங்களுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் பிரஷர் பாருங்கள், ஸ்கேன் எப்போது எடுப்பது என்று அதே டாக்டரிடம் கேளுங்கள்.