ஊதியது இருக்கட்டும், மலம் ஏன் கறுத்தது?

கேள்வி: வயது 46. ஓராண்டாக நெஞ்செரிச்சல், ஏப்பம், உப்புசம். ரத்தப் பரிசோதனையில், இரைப்பையில் வாழும் எச். பைலோரி கிருமி இருப்பதாக வந்தது. இணையத்தில் தேடினால் புற்றுநோய் என்கிறார்கள். ஆனால் ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனையில் கிருமி இல்லை என்கிறார்கள். எதை நம்புவது? தினமும் அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை போடுகிறேன். மூட்டுவலிக்கு அவ்வப்போது டைக்ளோஃபினாக். போன வாரம் இரண்டு நாள் மலம் கறுப்பாகப் போனது, இப்போது சரியாகிவிட்டது.

பதில்: கடைசியாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் விஷயம். தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, நாற்றத்தோடு போயிருந்தால் அது இரைப்பையிலோ முன்குடலிலோ கசிந்த ரத்தம். இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், ஆனால் நீங்கள் அதைச் சாப்பிடுவதாக எழுதவில்லை. எச். பைலோரியும் டைக்ளோஃபினாக்கும் சேர்ந்தால் புண் வர வேறென்ன வேண்டும்? அந்த வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். நாளைக்கே இரைப்பை குடல் மருத்துவரிடம் போங்கள், ஹீமோகுளோபினும், குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியும் பார்க்கவேண்டும். மறுபடி கறுத்தாலோ, தலைசுற்றினாலோ, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலோ நடுராத்திரியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்தது உண்மை. கிருமி உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது என்பதும் உண்மை. இரண்டாவதை மட்டும் இணையம் உரக்கச் சொல்லாது! ஏப்பத்தையும் உப்புசத்தையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

சரி, மூச்சுப் பரிசோதனை. உங்களுக்குக் கொடுத்த யூரியாவில் கார்பன் 13 இருந்திருக்கும். சாதாரண கார்பனைவிடக் கொஞ்சம் கனமானது, அவ்வளவுதான், கதிர்வீச்சு கிடையாது. கிருமியின் யூரியேஸ் என்சைம் அந்த யூரியாவை உடைத்தால் கனமான கரியமில வாயு உண்டாகி, ரத்தத்தில் கலந்து, அரை மணி நேரத்தில் மூச்சில் வந்துவிடும். கிருமியைத் தேடாமல் அது விட்ட வாயுவைப் பிடிக்கிறோம். நல்ல பரிசோதனைதான், கெடுத்தது உங்கள் பான்டோபிரசோல். அது கிருமியை அடக்கி வைக்கும், ஒழிக்காது. அதை 2 வாரமும் ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் நிறுத்தாமல் ஊதினால் ‘இல்லை’ என்ற முடிவை நம்பமுடியாது. ரத்தப் பரிசோதனையோ கிருமி போன பிறகும் நீண்ட நாள் ‘இருக்கிறது’ என்றே காட்டும்.

இதைப் படித்துவிட்டு நீங்களாகவே பான்டோபிரசோலை நிறுத்திவிட்டு மறுபடி ஊதக் கிளம்பாதீர்கள். ரத்தக் கசிவு இருந்தால் அந்த மாத்திரை வேண்டும். கிருமி இருக்கிறதா என்று சோதிக்க இரைப்பைச் சதையில் ஒரு துணுக்கை எண்டோஸ்கோப்பியிலேயே எடுப்பார்கள். இருந்தால் 14 நாள் மருந்து. அது முடிந்து குறைந்தது 4 வாரம் போகட்டும், பான்டோபிரசோலை எப்போது நிறுத்துவது என்று மருத்துவர் சொல்லட்டும், அப்புறம் ஊதுங்கள்.