விற்கப்போகிற வீட்டுக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

கேள்வி: 20 வருடமாகக் குடியிருந்த வீட்டை விற்கலாம் என்றிருக்கிறோம். சமையலறையை அடியோடு மாற்றி மாடுலர் கிச்சன் போட்டால் நல்ல விலை போகும் என்கிறார் காண்ட்ராக்டர், ஆனால் அதற்குக் கடன்தான் வாங்க வேண்டும். குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் பெயின்ட் உப்பி உதிர்கிறது. அதன்மேல் வால்பேப்பர் ஒட்டிவிடலாம் என்கிறார். செய்யலாமா?

பதில்: வால்பேப்பர் வேண்டவே வேண்டாம். உதிர்கிற இடத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளையாகத் தூள் ஒட்டினால் அது உப்பு. சுவருக்குள் ஊறிய தண்ணீர் வெளியே வந்து காயும்போது விட்டுப்போவது. அதாவது ஓதம் உள்ளிருந்து வருகிறது, மேலே எதை ஒட்டினாலும் கொஞ்ச நாளில் அதையும் தள்ளிக்கொண்டு வரும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு தண்ணீர் மீட்டர் எண்ணைக் குறித்துவையுங்கள். யாரும் தண்ணீர் புழங்காமலே காலையில் எண் கூடியிருந்தால் எங்கோ ஒரு குழாய் கசிகிறது. கூடவில்லையா, குளியலறைத் தரையில் தண்ணீர் போகிற வழியை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பாருங்கள், பின்சுவரில் ஈரம் பரவினால் கோளாறு தரையில். சரிசெய்த பிறகும் சுவர் காய வாரக்கணக்கில் ஆகும், ஈரத்தோடு புட்டி வைத்தால் மறுபடி உப்பும், அதனால்தான் மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் இதை ஆரம்பிக்கச் சொல்கிறேன். வாங்க வருகிறவர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்ப்பார். மூடி மறைத்தது ஒன்று அகப்பட்டால் போதும், வீடு முழுக்கச் சந்தேகம் வந்துவிடும், அப்புறம் அவர் குறைத்துக் கேட்கிற தொகை ரிப்பேர் செலவைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். தெரிந்தே மறைத்து விற்றதற்காக வழக்கு வரை போனவர்களும் உண்டு.

இனி பணம். செலவுப் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள், விற்கும் விலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். உங்கள் தெருவில் இதே அளவு வீடுகள் சமீபத்தில் என்ன விலைக்குக் கைமாறின என்று விசாரியுங்கள். சொல்கிற விலை அல்ல, உண்மையில் விற்ற விலை. நன்றாகப் பராமரித்த வீட்டுக்கும் உங்கள் வீடு இப்போது இருக்கிற நிலையில் உள்ள வீட்டுக்கும் விலையில் எவ்வளவு வித்தியாசமோ, அதற்குள்தான் மொத்தச் செலவும் அடங்க வேண்டும். வேலை நடக்கிற மாதங்களுக்கும் வீடு விலைபோகும்வரை காத்திருக்கிற மாதங்களுக்குமான வட்டியையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள், பலர் மறப்பது இதைத்தான். பழைய வீட்டில் உடைத்தால் ஏதாவது கிளம்பும், எனவே செலவுக்கு ஒதுக்கிய பணத்தில் 15 முதல் 20 சதவீதத்தைத் தொடாமல் தனியே வையுங்கள்.

இந்தக் கணக்கில் புதுச் சமையலறை பெரும்பாலும் நிற்காது. வருகிறவருக்கு அவர் ரசனை இருக்கும், நீங்கள் கடன்பட்டுப் போட்டதை அவர் பிடுங்கிப்போடவும் கூடும். கீல், கைப்பிடி, குழாய், நல்ல விளக்கு, டைல்ஸ் இடுக்குகளை நிரப்பப் புது கிரவுட், அலமாரிக் கதவுகளுக்கு வெளிர் நிறம், இவ்வளவு போதும். அலமாரி மரம் உளுத்திருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

உடைக்கிற வேலை முதலில், பெயின்ட் கடைசியில். டைல்ஸ் வாங்கினால் ஒரே பேட்ச் எண்ணில் 10 சதவீதம் கூடுதலாக எடுங்கள், அடுத்த பேட்ச்சில் நிறம் மாறக்கூடும். காண்ட்ராக்டரிடம் சுவர் வேலைக்கும் சமையலறைக்கும் தனித்தனியாக எஸ்டிமேட் எழுதி வாங்குங்கள், மொத்தமாக ஒரு தொகை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள், கடைசி 10 சதவீதம் நீங்களே எல்லாக் குழாயையும் திறந்து பார்த்த பிறகு. சுவரை உடைத்தபோதும் குழாயை மாற்றியபோதும் எடுத்த போட்டோக்களை பில்லோடு ஒரு கோப்பில் போட்டுவைத்து, பார்க்க வருகிறவர் கேட்பதற்கு முன்பே அவர் கையில் கொடுங்கள்.