ஒரே நிபந்தனை, இரண்டு அளவுகோல்: டெண்டரில் தள்ளப்பட்ட நிறுவனம் என்ன செய்யலாம்?

கேள்வி: அரசு விமான நிலையம் ஒன்றுக்குப் பயணப்பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே இயந்திரங்கள் வழங்கும் டெண்டரில் கலந்துகொண்டோம். முன்னனுபவம் போதாது என்று நிராகரித்துவிட்டார்கள். எங்கள் விலைப்புள்ளியைத் திறக்கவே இல்லை. தேர்வான நிறுவனம் காட்டியதோ தன் வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தின் அனுபவச் சான்றை. எங்கள் இயந்திரமே தரத்தில் சிறந்தது. வழக்குத் தொடரலாமா?

பதில்: தொடரலாம். ஆனால், தரம் பற்றிய வாதத்தை விட்டுவிடுங்கள். எந்த இயந்திரம் சிறந்தது என்று நீதிமன்றம் எடைபோடாது. முடிவு எடுக்கப்பட்ட முறை சரியா என்பதையே அது பார்க்கும்; 1994-இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இது.

உங்கள் பலம் அந்த அனுபவச் சான்றில் இருக்கிறது. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்துவதற்கான டெண்டரில், பதிவுபெற்ற இரண்டாம் தர உணவக உரிமையாளராக 5 ஆண்டு அனுபவம் வேண்டும் என்று கேட்டுவிட்டு, அந்தத் தகுதி இல்லாதவருக்கே ஒப்பந்தத்தைக் கொடுத்தார்கள். தான் விதித்த அளவுகோலுக்கு அரசு அமைப்பும் கட்டுப்பட்டதே என்று ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் 1979-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்களுக்கு ஒரு கண்டிப்பு, தேர்வான நிறுவனத்துக்கு ஒரு சலுகை என்றால் அது சமத்துவத்தை உறுதிசெய்யும் அரசமைப்பின் 14-ஆவது பிரிவுக்கு முரண்.

ஆனால் அந்த வழக்கைத் தொடுத்தவருக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. ஐந்து மாதங்களுக்கும் மேல் தாமதித்து வந்தது அதற்கு முக்கியக் காரணம்; அதற்குள் வென்றவர் பணம் செலவழித்து வேலையைத் தொடங்கியிருந்தார். உங்களுக்கு இப்படி நடந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. பணி ஆணை வழங்கி இயந்திரங்களும் வந்து இறங்கிவிட்டால், பயணிகளின் பாதுகாப்பைக் காட்டியே உங்கள் மனுவைத் தள்ளிவிடுவார்கள்.

டெண்டர் ஆவணத்தையும் பின்னர் வந்த திருத்த அறிவிப்புகளையும் இன்றே வரிவரியாகப் படியுங்கள். தாய் நிறுவனத்தின் அனுபவத்தையும் ஏற்கலாம் என்று எங்காவது இருந்தால் இந்த வாதம் நிற்காது. இல்லையென்றால், நிராகரிப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மத்திய அரசின் கொள்முதல் என்றால், 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின் 173-ஆவது விதிப்படி, கேட்டால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 30 நாள் காத்திருப்பதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். பதில் வராவிட்டாலும் அரசமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசு அமைப்பின் செயலை எதிர்த்து நேரடியாகத் தொடுக்கும் மனு) போடலாம்.

மனுவில் ‘ஒப்பந்தத்தை எனக்கே கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள், மறுமதிப்பீடு கேளுங்கள். கிடைக்க வாய்ப்புள்ள நிவாரணம் அதுதான். போட்டியாளரின் சான்று உங்கள் கைக்கு எப்படி வந்தது என்பதையும் உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இணையதளத்தில் எல்லாப் போட்டியாளர்களுக்கும் திறந்து வைத்திருந்தால் சிக்கல் இல்லை. யாரோ அலுவலகத்திலிருந்து எடுத்துக் கொடுத்ததென்றால், மனுவோடு இணைக்க வேண்டாம். அசல் கோப்பை வரவழைக்கும்படி நீதிமன்றத்தையே கேட்கலாம்.