பெனல்டி சார்ஜ் வேறு, பொலிஸ் சார்ஜ் வேறு

தம்பி, கோண்டாவிலிலிருந்து லண்டன் வந்து ஒரு வருடம் ஆகமுன்னமே ‘பெனல்டி சார்ஜ் நோட்டீஸ்’ வந்திருக்கிறது, பொலிஸ் என்னைச் சார்ஜ் பண்ணிவிட்டதா, விசாவுக்குப் பிரச்சினை வருமா என்று கேட்டிருந்தீர்கள். பொலிஸ் ஒன்றும் செய்யவில்லை. முதலில் போய்ச் சாப்பிடுங்கோ.

ஊரில் எங்களுக்குச் சார்ஜ் என்றால் போனுக்குப் போடுவது. அதைவிட்டால் பொலிஸ் நிலையத்து ஓ.ஐ.சி., அதாவது ‘ஒஃபிசர் இன் சார்ஜ்’. அந்தக் கடைசிச் ‘சி’யும் இதே சொல்தான், பொறுப்பு என்ற கருத்தில். யாழ்ப்பாணத்து ஆளுக்கு இந்தச் சொல்லைக் கண்டதும் பொலிஸ் ஞாபகம் வருவது புதினமில்லை.

உங்களுக்கு வந்த கடிதத்தில் சார்ஜ் என்பது காசு. காரை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்குக் கவுன்சில், அதாவது உள்ளூராட்சிச் சபை, கேட்கிறது; குற்ற வழக்கு அல்ல. பெரும்பாலும் 14 நாளுக்குள் கட்டினால் பாதிதான். பேசாமல் விட்டால் தொகை ஏறும், கடைசியில் கடனை அறவிடும் பெயிலிஃப் வாசலுக்கு வருவார். பிழை உங்களுடையதில்லை என்றால் படத்தோடு எழுதி எதிர்க்கலாம்.

சுப்பர்மார்க்கெட் கார் பார்க்கில் வருவது ‘பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்’. இரண்டுக்கும் சுருக்கம் பி.சி.என். தான், சரியான குழப்பம்! இது தனியார் கொம்பனி அனுப்பும் பில், சட்டப்படி அபராதமே அல்ல. அதற்காகக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சிவில் கோர்ட்டுக்குப் போய், நீங்கள் தோற்று, பிறகும் கட்டாமல் விட்டால் கிரெடிட் பழுதாகும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அது வந்து நிற்கும். ஆகவே கடிதத் தலைப்பில் கவுன்சில் பெயரா, கொம்பனிப் பெயரா என்று பாருங்கோ.

பொலிஸ் சார்ஜ் பண்ணுவது என்றால் இன்ன குற்றம் என்று முறைப்படி குற்றஞ்சாட்டுவது. கைதும் அதுவும் ஒன்றல்ல. இங்கிலாந்தில் கைதான ஒருவரைச் சாதாரணமாக 24 மணித்தியாலத்துக்கு மேல் சார்ஜ் பண்ணாமல் வைத்திருக்க ஏலாது. பாரதூரமான குற்றமென்றால் நீடிப்பார்கள். காரை வேகமாக ஓட்டினீர்கள் என்று பொலிஸிலிருந்து கடிதம் வந்தால் மட்டும் விளையாடக் கூடாது. யார் ஓட்டியது என்று 28 நாளுக்குள் பதில் போகவேண்டும்.

சாப்பாட்டுக் கடைப் பில்லில் வரும் சேர்விஸ் சார்ஜ் லண்டனில் பல இடங்களில் 12.5 வீதம். ‘விருப்பத்துக்குரியது’ என்று போட்டிருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம், ஒருவரும் முறைக்கமாட்டார்கள். நீங்களே அப்படி ஒரு கடையில் வேலை செய்தால், 2024 ஒக்டோபரிலிருந்து அந்தக் காசு வேலையாட்களுக்கே போகவேண்டும் என்பது சட்டம்.

அப்புறம், மனேஜர் ‘இன்றிரவு நீ இன் சார்ஜ்’ என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது நல்ல செய்திதான். ஆனால் அதற்குச் சம்பளம் கூட்டித் தருவார்களா என்று கேட்டுவிட்டு ஓம் சொல்லுங்கோ.