ஹாகியோஸ் என்றால் என்ன? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தரங்கம்பாடி: ஐயா, புதிய ஏற்பாட்டில் ‘பரிசுத்தம்’ என்று வரும் இடங்களில் கிரேக்கச் சொல் எது? பாவமில்லாமை என்று கொள்ளலாமா?

பெரும்பாலும் ஹாகியோஸ். பாவமில்லாமை அதன் முதற்பொருள் அல்ல. கடவுளுக்கு உரியது, அவருக்கென்று பிரித்து வைத்தது என்பதே முதற்பொருள். பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் எபிரேய ‘காதோஷ்’ வரும் இடங்களில் பெரும்பாலும் இதைத்தான் இட்டார்கள். கொரிந்து சபையாரைப் பவுல் அவர்களுக்கு எழுதிய முதல் நிருபத்தின் (கடிதத்தின்) தொடக்கத்திலேயே ‘ஹாகியோய்’, அதாவது பரிசுத்தவான்கள், என்கிறார். ஐந்தாம் அதிகாரத்தில், தகப்பன் மனைவியை வைத்திருப்பவனைச் சகித்துக்கொண்டதற்காக அதே சபையைக் கடிந்துகொள்கிறார். குற்றமற்றவர் என்பது மட்டுமே பொருளானால் இந்த இரண்டும் ஒரே நிருபத்தில் நிற்குமா?

மன்னார்குடி: ‘ஹாகியாஸ்மோஸ்’, பரிசுத்தமாகுதல், ஒரே நாளில் முடிவதா, வாழ்நாள் முழுவதுமா?

இரண்டுக்கும் வசனம் உண்டு. 1 கொரிந்தியர் 6:11 நடந்து முடிந்ததாகப் பேசுகிறது. எபிரெயர் 12:14 அதை நாடச் சொல்கிறது. கடவுளுக்கு உரியவரானவர் அதற்கேற்ப நடக்கப் பழகுகிறார். ஓர் எச்சரிக்கை: அகராதியில் வேர்ச்சொல்லைத் தேடிப் பிடித்துப் பிரசங்கம் கட்டாதீர்கள். சொல் நிற்கும் வாக்கியத்தைப் பாருங்கள்.

நாகப்பட்டினம்: இடத்துக்கும் இச்சொல் பொருந்துமா?

பொருந்தும். மத்தேயு 4:5 எருசலேமைப் பரிசுத்த நகரம் என்கிறது.

திருத்துறைப்பூண்டி: பரிசுத்தமாக வாழ ஜெபமும் உபவாசமும் போதுமா?

போதாது. “நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்” என்பதைப் பேதுரு பழைய ஏற்பாட்டுச் சட்ட நூலான லேவியராகமத்திலிருந்து எடுக்கிறார். அங்கே 19ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வயலோரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்திய கதிரை ஏழைக்கு விடு, எடைக்கல்லும் அளவையும் சரியாக இருக்கட்டும், கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே. நம் பக்கத்தில் நடவு முடித்த பெண்கள், முழங்கால்வரை அப்பிய சேறு காய்ந்து வெடிக்க, வரப்பில் நின்று கூலிக்குக் காத்திருக்கிறார்கள். “நாளைக்கு வாருங்கள்” என்று அனுப்பிவிட்டு இரவு ஜெபத்துக்குப் போகிறவருக்கு இந்த அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறது.

தஞ்சாவூர்: ஹாகியோஸ் என்றால் பாவமற்றவர்தானே?

முதல் பதிலைப் படியுங்கள்.

திருத்துறைப்பூண்டி: லேவியராகமம் யூதருக்கான சட்டம். நாம் கிருபையின்கீழ் இருக்கிறோம். நெல் விற்ற பணமே எங்கள் கைக்குத் தாமதமாகத்தான் வருகிறது. இதில் கூலியை ஏன் இழுக்கிறீர்கள்?

நான் இழுக்கவில்லை, வேதம் இழுக்கிறது. யாக்கோபு 5:4 புதிய ஏற்பாடுதான்: வயலை அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது. உங்கள் கஷ்டம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அன்றாடங்காய்ச்சியின் அடுப்பு அதுவரை பொறுக்காது. கடன் வாங்குவதானால் வாங்க வேண்டியவர் நிலம் உள்ளவர்.

சீர்காழி: இயந்திரம் அறுக்கும் வயலில் பொறுக்கக் கதிர் ஏது, ஐயா?

நல்ல கேள்வி. கதிர் இல்லாவிட்டால் களத்திலிருந்து சில மரக்கால் நெல் போகட்டும். விளைச்சல் முழுவதும் எனக்கே என்று வழித்துக்கொள்ளாதே என்பதுதான் அந்தக் கட்டளை. நிலம் கர்த்தருடையது என்று லேவியராகமம் 25ஆம் அதிகாரம் வெளிப்படையாகவே சொல்கிறது.

திருவாரூர்: பரிசுத்தவான்கள் என்பது பீடமேற்றப்பட்ட புனிதர்களை மட்டும் குறிக்காதா?

பவுலின் வழக்கில் சபையார் அனைவரும். பிலிப்பியர் 4:22இல் இராயனின், அதாவது ரோமப் பேரரசரின், அரண்மனையைச் சேர்ந்தவர்களும் அதில் அடக்கம். பீடமேற்றுவது பிற்காலத் திருச்சபை வழக்கம்.

கும்பகோணம்: ‘ஹாக்னோஸ்’ என்பதும் இதே சொல்தானா?

இல்லை. அது தூய்மையையும் கற்பையும் சொல்வது. 1 யோவான் 3:3 பாருங்கள். ஒலி ஒத்திருக்கிறது என்று இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். வாக்கியத்தைப் பாருங்கள்.